கரடியின் எச்சம் அறிவிப்பது

பெங்களூர் நகருக்குத் தெற்கே பன்னார்கட்டா காடுகள் பரந்துள்ளன. 1974இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இக்காடுகளில் தேன் கரடிகள் இயற்கையாகவே வாழ்கின்றன. அவை பெரும்பாலும் இரவில் நடமாடுவதால் நேரிற் காண்பது அரிது. ஆகவே ஆராய்ச்சியாளர் அவை விட்டுச் சென்ற அடையாளங்களை ஆராய்கின்றனர்.

கரடியின் எச்சத்தைச் சல்லடையிலிட்டு நீரிற் கழுவினால், செரியாத விதைகளும் கறையான், எறும்பு ஆகியவற்றின் தலைகளும் தங்கும். இவற்றை மாதந்தோறும் கணக்கிடுங்கால் உணவு பருவத்திற்கேற்ப மாறுவது புலனாகும். நாவல், இலந்தை, கொன்றை முதலியன பழுக்குங்காலத்தில் பழம் மிகுதி. ஏனைய காலத்தில் பூச்சிகளே மிகுதி. இக்கரடிக்கு மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. புற்றைத் தோண்டி, நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு, அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சுகிறது.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. பழம் பொறுக்கச் செல்லும் மக்களும் கரடியும் ஒரே பருவத்தில் ஒரே மரத்தடியை நாடுகின்றனர். மனிதரைத் திடீரென எதிர்ப்படும் கரடி, குறிப்பாகக் குட்டிகளை முதுகிற் சுமந்த தாய், தாக்குவதுண்டு. முகத்திலும் தலையிலும் கொடுங்காயம் நேரும். அதன்பின் ஊராரின் சினத்திற்குக் கரடியும் இரையாகலாம்.

எச்சத்தையும் புதிதாகத் தோண்டிய புற்றையும் கண்ட இடம், தேதி ஆகியவற்றைக் களப்பணியாளர் தவறாது குறித்துவரின், எம்மாதத்தில் எப்பாதை அபாயமுடையது என்பதைக் கிராமத்தாருக்கு முன்னரே அறிவிக்கலாம். அந்தியிலும் விடியலிலும் தனியே காட்டிற்குச் செல்லாமை, செல்லுங்கால் உரக்கப் பேசிச் செல்லுதல் ஆகியவற்றை ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.