வந்தவர்களால் குற்றம் கூடுகிறதா? எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் இடம்பெயர்தல், நகரமயமாதல் பற்றிய பாடத்தை உந்து காரணி, ஈர்ப்புக் காரணி என்று அட்டவணை போட்டு முடித்துவிடலாம். ஆனால் மாணவர்களின் கேள்வி அங்கே நிற்பதில்லை. “வெளியில இருந்து வர்றவங்களாலதான் திருட்டு அதிகமாகுதாமே, சார்?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கிறார்.

எங்கள் பள்ளியைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள். ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள். “அப்படிப் பேசக் கூடாது” என்று அடக்கினால் கேட்டவரின் சந்தேகம் உள்ளேயே தங்கிவிடும். பதில் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகள் தலைகுனிவார்கள். எனவே, கேள்வியைச் சான்றுகளைக் கொண்டு சோதிக்கும் வகையில் இரண்டு பாடவேளைகளைத் திட்டமிட்டேன்.

நம் ஊரை எடுத்தால் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்துவிடும். அதனால் ஜெர்மனியை எடுத்துக்கொண்டேன். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8.9 லட்சம் பேர் அங்கே புகலிடம் தேடி வந்தார்கள். அந்நாட்டுக் காவல்துறை ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. எனவே ஊகத்துக்கு இடமில்லாமல் பேச முடிகிறது.

செயல்பாடு 1: எண்ணிக்கையா, விகிதமா?

முதலில் கரும்பலகையில் ஒரு கணக்கு. ஓர் ஊரில் 1,000 பேர். ஓராண்டில் 20 திருட்டுகள். புதிதாக 500 பேர் குடியேறிய பின் 27 திருட்டுகள். திருட்டு கூடியதா, குறைந்ததா? முதலில் எல்லோரும் “கூடிவிட்டது” என்றார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்ததும் 20 என்பது 18 ஆகியிருந்தது. எண்ணிக்கை கூடினாலும் விகிதம் குறையலாம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து ஜெர்மனியின் எண்கள். குடியேற்றச் சட்ட மீறல்களைக் கழித்துவிட்டால், பதிவான குற்றங்கள் 2015இல் ஏறத்தாழ 59.3 லட்சம், 2016இல் 58.8 லட்சம், 2017இல் 55.8 லட்சம், 2018இல் 53.9 லட்சம். ஆள்கள் வந்த பிறகு மொத்தக் குற்றம் குறைந்தே இருக்கிறது.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வன்முறைக் குற்றங்கள் 2015இல் 1.81 லட்சமாக இருந்து 2016இல் 1.93 லட்சமாக உயர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மெல்லக் குறைந்தன. சந்தேக நபர்களில் புகலிடம் தேடி வந்தோரின் பங்கு 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. மக்கள்தொகையில் அவர்களின் பங்கு அதைவிட மிகக் குறைவு. நமக்குப் பிடிக்காத எண்ணையும் பலகையில் எழுத வேண்டும். அப்போதுதான் மாணவர்கள் நம்மை நம்புவார்கள்.

செயல்பாடு 2: யாரை யாரோடு ஒப்பிடுகிறோம்?

“கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் 100 இளைஞர்கள் ஒரு பக்கம். பாட்டி, தாத்தா, கைக்குழந்தை எல்லாம் சேர்ந்த 100 பேர் மறுபக்கம். அடிதடி எங்கே அதிகம் நடக்கும்?” என்று கேட்டேன். “விடுதியிலதான்” என்று உடனே பதில் வந்தது. “அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று நான் சொல்லவே இல்லையே?” என்றதும் வகுப்பு யோசிக்கத் தொடங்கியது.

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் குறித்து 2018இல் வெளியான ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 2014க்கும் 2016க்கும் இடையில் அங்கு வன்முறைக் குற்றம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது. அந்த உயர்வில் பெரும்பகுதிக்கு அகதிகளே காரணம் என்று ஆய்வு ஒளிக்காமல் கூறியது. காரணங்களையும் ஆராய்ந்தது. எந்த நாட்டிலும் வன்முறையில் அதிகம் ஈடுபடுவோர் 14 முதல் 30 வயதுக்குட்பட்ட ஆண்கள். அம்மாநில மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அகதிகளில் ஏறத்தாழ 27 விழுக்காடு.

இன்னொரு முடிவு ஆசிரியர்களாகிய நம் கவனத்துக்குரியது. நாட்டில் தங்க அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்த சிரியா, ஈராக் நாட்டவரிடம் குற்றம் ஒப்பீட்டளவில் குறைவு. அந்த நம்பிக்கை இல்லாத வட ஆப்பிரிக்க நாட்டவரிடம் அதிகம். எதிர்காலம் உண்டு என்று நம்புகிறவர் அதைக் கெடுத்துக்கொள்ளத் தயங்குவார்.

செயல்பாடு 3: பயங்கரவாதம்

2016 டிசம்பர் 19 அன்று பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரியை ஓட்டிப் பலரைக் கொன்றவன், புகலிட மனு நிராகரிக்கப்பட்ட துனிசிய நாட்டவன். பல பெயர்களில் பதிவு செய்திருந்தான். ஆபத்தானவன் என்று காவல்துறைக்கு முன்பே தெரிந்திருந்தது. 2020 பிப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 9 பேரைச் சுட்டுக் கொன்றவன் ஒரு ஜெர்மானியன். இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே எழுதி, “எதைச் சரிசெய்திருந்தால் தடுத்திருக்கலாம்?” என்று குழுக்களிடம் கேட்டேன். அடையாளத்தைச் சரிபார்த்தல், ஆபத்தானவரைக் கண்காணித்தல், வெறுப்புப் பேச்சைக் கவனித்தல் என்ற விடைகள் வந்தன. லட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்புவது எந்தக் குழுவின் பட்டியலிலும் இல்லை.

நம் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றது விடுதலைப் புலிகள் இயக்கம். ஆனால் 1983 முதல் போருக்கு அஞ்சி இங்கே வந்து முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. செய்தவர் சிலர், சுமந்தவர் பலர்.

வதந்தியைச் சோதித்தல்

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவை பொய்யானவை என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. வதந்தி வந்தவரையும் அச்சுறுத்தும், இருப்பவரையும் அச்சுறுத்தும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, யார் சொன்னது என்ற மூன்று கேள்விகளை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இப்பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையை எழுப்பி “நீ சொல்” என்று கேட்க வேண்டாம். தன் மாநிலத்துக்காக வாதாடும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லை. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் வகுப்பில் இருந்தால், பாடத்துக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். எண்களை மாணவர்களே வகுத்துப் பார்க்கட்டும். முடிவை நாம் முந்திச் சொல்ல வேண்டாம். வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுத்தர, மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த ஊரில் தனக்கும் எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கையை அந்தப் பத்து நிமிடம் கொடுக்கும்.