தோலுக்கு அடியில் கட்டியா? மருத்துவரிடம் காட்டுங்கள்

வலியில்லாத சிறு கட்டி என்றால், "கொழுப்புக் கட்டிதான்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாத கட்டிகளும் உண்டு.

பைலோமேட்ரிகோமா என்றால் என்ன?

முடியின் வேர்ப்பகுதியில் தோன்றும் அரிய கட்டி இது. புற்றுநோய் அல்ல. 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் மல்ஹெர்ப் இதை விவரித்தார். சுண்ணாம்புச் சத்து படிவதால் கல்போல் கெட்டியாக இருக்கும்; மெதுவாக வளரும்.

பெரும்பாலும் சிறுவர்களின் தலையிலும் கழுத்திலும் வரும். வயதானவர்களுக்கும் வரலாம். அரிதாக மார்பகத்தில் வந்தால், படம் எடுத்துப் பார்க்கும்போது புற்றுநோய் போலவே தெரியலாம்.

எப்படி உறுதிசெய்வார்கள்?

ஊசியால் எடுக்கும் மாதிரி சில வேளைகளில் தவறான முடிவைக் காட்டும். கட்டியை முழுவதும் அகற்றி, ஆய்வுக்கூடத்தில் நுண்நோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். கரு மறைந்த "நிழல் செல்கள்" இதன் அடையாளம். முழுவதும் அகற்றினால் மீண்டும் வருவது குறைவு.

தாமதிக்காமல் காட்ட வேண்டியவை:
• வேகமாக வளரும் கட்டி
• புண்ணாகி இரத்தம் கசியும் கட்டி
• மார்பகம், அக்குளில் உள்ள கட்டி
• அகற்றிய இடத்தில் மீண்டும் வந்த கட்டி

கவனத்தில் கொள்ளுங்கள்:
• கட்டியைப் பிதுக்காதீர்கள், சூடு வைக்காதீர்கள்.
• இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.
• ஆய்வு முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறைவான இடம் என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.