அஞ்சு தடவை தப்பா அடிச்சா வெளியே: ஃபெயில்2பேன் ஓர் அறிமுகம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக கிளவுடில் ஒரு லினக்ஸ் சர்வர் எடுத்திருக்கீங்களா? அதோட லாகின் லாகைத் திறந்து பாருங்க. 'ரூட்' என்ற பெயரில் உள்ளே வரப் பார்த்துத் தோற்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். உங்களை யாரும் தனியாகக் குறிவைக்கவில்லை. பாட்கள் ஒவ்வொரு ஐபியாகத் தட்டி, 'அட்மின்', '123456' என்று மாற்றி மாற்றி முயற்சி செய்கின்றன. இதுதான் ப்ரூட் ஃபோர்ஸ்.

நம்ம வீட்டு மோடமுக்கும் இது நடந்திருக்கு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கி, பலருக்கு நெட் போய்விட்டது. மாற்றாமல் விட்டிருந்த 'அட்மின்' என்ற டீஃபால்ட் பாஸ்வேர்டுதான் வழிவிட்டது.

சர்வரில் இதைத் தடுக்க உதவுவது ஃபெயில்2பேன் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி. வேலை எளிது: லாகைப் படிக்கும், தோற்ற முயற்சிகளை ஐபி வாரியாக எண்ணும், எல்லை தாண்டினால் அந்த ஐபியை ஃபயர்வாலில் அடைக்கும். டீஃபால்டாக மூன்று எண்கள்: 'ஃபைண்ட்டைம்' 10 நிமிடம், 'மேக்ஸ்ரீட்ரை' 5, 'பேன்டைம்' 10 நிமிடம். இவற்றை 'ஜெயில்.கான்ஃப்' ஃபைலில் மாற்றாதீங்க, அப்டேட்டில் அழிந்துவிடலாம். 'ஜெயில்.லோக்கல்' என்று தனி ஃபைலில் எழுதுங்க.

இப்போ கணக்குப் போடலாம். 10 நிமிடத்துக்கு 5 என்றால், ஒரு ஐபியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 720 முயற்சி. பேன்டைமை ஒரு நாளாக்கினால் அதுவே 5 ஆகிவிடும். ஆனால் 1000 ஐபி உள்ள பாட்நெட் வந்தால் மறுபடி 5000. மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு என்று மெதுவாகத் தட்டுபவன் 10 நிமிடத்தில் நாலைத் தாண்டவே மாட்டான். அவன் மாட்டவும் மாட்டான்.

இன்னொரு சிக்கல், தடுப்பு ஆள் பார்க்காது. நம்ம கடற்கரைச் சாலையில் சாயங்காலம் தடுப்பு வைத்தால் யார் வண்டியாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான், இல்லையா? அதே மாதிரி, ஹாஸ்டல் முழுக்க ஒரே பொது ஐபியில் வெளியே போகிறது என்றால், ஒருத்தர் அஞ்சு தடவை தப்பாக அடித்தால் மொத்த டீமும் வெளியே. டெமோ அன்னிக்கு இது நடந்தால்? நம்பகமான ஐபியை முன்கூட்டியே 'இக்னோர்ஐபி'யில் சேருங்க.

ஆக, ஃபெயில்2பேன் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான், பூட்டு இல்லை. பூட்டு என்பது எஸ்எஸ்எச் கீ. கீ போட்டு, பாஸ்வேர்டு லாகினையே நிறுத்திவிட்டால் எத்தனை ஆயிரம் பாஸ்வேர்டு அடித்தாலும் பலன் இல்லை. நிறுத்தும்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீங்க. இன்னொரு டெர்மினலில் கீயை வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்க.