முதல் மைப்பேனாவும் அதன் உடலும்



முதன்முதலாக மைப்பேனா வாங்க விரும்புவோரின் கண் கடையில் அதன் நிறத்திலும் பளபளப்பிலுமே முதலில் பதிகிறது. ஆனால் எழுத்தின் தரத்தை முடிவு செய்வன நிப்பும், அதன் அடியில் ஒட்டியிருந்து மையைச் சீராக இறக்கித் தரும் நாக்கு என்ற உறுப்புமே ஆகும். பேனாவின் உடல் எழுதுவதில்லை எனினும், கை எவ்வளவு நேரம் சோர்வின்றி எழுதும், கைச்சூடு மையைச் சென்றடையுமா, கீழே விழுந்தால் பேனா தாங்குமா, அதற்கு எத்தகைய பராமரிப்புத் தேவை என்பன எல்லாம் அந்த உடல் எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே முதலில் நிப்பு, அடுத்து மை நிரப்பும் முறை, அதன் பின் உடல் என்ற வரிசையில் தேர்வு செய்வதே பொருத்தமானது.

தொடக்கநிலையில் துருப்பிடிக்காத எஃகு நிப்பே போதுமானது. தரமான நிப்பு எஃகால் ஆனதாயினும் தங்கத்தால் ஆனதாயினும், தாளில் உராய்வது அதன் நுனியில் பற்றவைக்கப்பட்டுள்ள, எளிதில் தேயாத உலோகக் கலவையின் சிறு மணிதான். தமிழில் ‘இ’, ‘ஞ’, ‘ணை’ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருங்கி வருவதால், தடித்த நிப்பால் சிறிதாக எழுதும்போது சுழியின் உள்வெளி மையால் அடைபட்டுவிடுகிறது. எனவே கோடிட்ட நோட்டில் எழுதும் மாணவருக்கு ‘எஃப்’ எனக் குறிக்கப்படும் மெல்லிய நிப்பு ஏற்றது. ஜப்பானிய நிப்புகள் இதே குறியுள்ள ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக மெல்லிய கோடிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மை நிரப்பும் முறைகளுள் பழமையானது, கழுத்துப் பகுதியைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை நேரடியாக உடலுக்குள் விடுவதாகும். இதில் மிகுதியான மை கொள்ளும். ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்றின் இடம் பெருகி, கைச்சூட்டால் அக்காற்று விரிந்து, மையைச் சொட்டாக வெளியே தள்ளிவிடும். கால் பங்கு மை எஞ்சியிருக்கும்போதே மீண்டும் நிரப்பிவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். மை அடைத்து விற்கப்படும் கார்ட்ரிட்ஜையோ, புட்டியிலிருந்து மையை உறிஞ்சிக்கொள்ளும் கன்வெர்ட்டரையோ பொருத்தும் பேனாக்களில் மை தனிக் குழாயில் இருப்பதால், இக்குறை மிகக் குறைவாகவே காணப்படும்.

இனி உடல் பொருள்களை ஒப்பிடலாம். எபோனைட் என்பது ரப்பருடன் மிகுதியான கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றிப் பெறப்படும் கடின ரப்பராகும். நெல்சன் குட்இயர் 1851-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதைக் கம்பியாக வார்த்து, லேத்தில் கடைந்து, துளையிட்டு, மரை வெட்டிப் பேனாவாக்குவர். எடை குறைந்த இப்பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், தடித்த சுவருடைய எபோனைட் பேனா ஃபில்லர் முறைக்கு மிகவும் பொருந்தும். வியர்க்கும் விரல்களிலும் இது எளிதில் வழுக்காது; ஆயினும் வெயிலும் ஈரமும் தொடர்ந்து பட்டால் இதன் கருமை மங்கிப் பழுப்பேறும் என்பதால், வெந்நீரில் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். இராஜமுந்திரியின் கே. வி. ரத்னம் செய்த பேனாவைப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வழியாகப் பெற்ற காந்தியடிகள், 1935-இல் ரத்னத்துக்கு நன்றி மடல் எழுதினார். எபோனைட்டைக் கையால் கடையும் கலை அந்நகரில் மட்டுமன்றித் திருவள்ளூரிலும் இன்றளவும் தொடர்கிறது.

செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசுடன் கற்பூரம் கலந்து செய்யப்படுவது. 1920-களில் வண்ணப் பேனாக்கள் பெருகியது இதனால்தான். அழகில் இதற்கு நிகர் அரிது எனினும், எளிதில் தீப்பற்றுவதும் காலப்போக்கில் சுருங்குவதும் இதன் குறைகள் என்பதால், முதல் பேனாவுக்கு இது ஏற்றதன்று. ஒளி ஊடுருவும் நெகிழியான அக்ரிலிக் இதனினும் உறுதியானது. 1941-இல் வெளிவந்த பார்க்கர் 51 பேனாவின் உடல், செல்லுலாய்டைச் சிதைக்கக்கூடிய அதன் தனி மையைத் தாங்குவதற்காக இவ்வகைப் பொருளால் செய்யப்பட்டது. அக்ரிலிக்கை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் நுண்ணிய விரிசல்கள் விழும், தண்ணீரே போதும்.

அச்சில் உருக்கி வார்க்கப்படும் ஏபிஎஸ் என்ற நெகிழி, விழுந்தால் எளிதில் உடையாது, விலையும் குறைவு. மாணவர்களுக்காகவே 1980-இல் அறிமுகமான லேமி சஃபாரி இதனால் ஆனது. அதன் எடை சுமார் 17 கிராம். ஏறக்குறைய அதே வடிவில் அலுமினிய உடலுடன் அந்நிறுவனம் செய்யும் ஏஎல்-ஸ்டார் சுமார் 22 கிராம் இருக்கிறது. ஒரே வடிவில் பொருள் மாறும்போது கை உணரும் வேறுபாட்டை அறிய விரும்புவோர், இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்து எழுதிப் பார்க்கலாம். பித்தளைப் பேனா அலுமினியப் பேனாவினும் கனமானது. சில வரிகள் எழுதும்போது அக்கனம் உறுதியாகத் தோன்றினாலும், மூன்று மணி நேரத் தேர்வில் அதுவே விரல்களுக்குச் சுமையாகிவிடும். மேலும், உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதோடு மையால் அரிக்கப்படவும் கூடும் என்பதால், உலோக உடலுக்குள் மையை நேரடியாக ஊற்றுதல் கூடாது.

எந்தப் பேனாவாயினும் மைப்பேனாவுக்கென விற்கப்படும் மையையே நிரப்ப வேண்டும். ஓவியர் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கில் கலந்துள்ள அரக்கு நாக்கின் நுண்ணிய வழிகளில் உறைந்து அவற்றை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குளிர்ந்த நீரில் நிப்பையும் நாக்கையும் அலசுவது நன்று.

நாள்தோறும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ எடுத்துச் செல்வோருக்கு ஏபிஎஸ் உடலும் எஃகாலான மெல்லிய நிப்பும் கன்வெர்ட்டரும் கொண்ட பேனாவே முதல் தேர்வாகும். வீட்டில் அமர்ந்து நீண்ட நேரம் எழுதுவோரும், பராமரிப்பை விரும்பி ஏற்போரும் எபோனைட்டைத் தேர்ந்தெடுக்கலாம். எதை வாங்குவதாயினும், கடையில் மை தொட்டு உங்கள் பெயரையும் சுழி மிகுந்த சில சொற்களையும் எழுதிப் பார்த்து, கைக்கு இசைந்த பேனாவை மட்டுமே வாங்குங்கள்.