மானாவாரியில் மல்ச்சிங் ஷீட் போடலாமா?

கேள்வி: எங்கள் கரிசல் காட்டில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறோம். மல்ச்சிங் ஷீட் விரித்தால் ஈரம் காயாது என்கிறார்கள். மண் கெடுமா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஈரம் காயாது என்பது உண்மைதான். களையும் அடங்கும். சீனாவின் கான்சு மாகாணத்தில் மானாவாரி மக்காச்சோளத்துக்கு நிலத்தை மேடும் பள்ளமுமாக்கி முழுக்க ஷீட் விரிக்கிறார்கள். மேட்டில் விழும் மழை வழிந்து பள்ளத்திலுள்ள செடியின் காலடிக்குப் போய்விடும். ஆனால் அது வசந்த காலத்திலும் குளிர் விலகாத மேட்டுநிலம். ஷீட் தரும் சூடும் அவர்களுக்கு லாபம். நமக்கு எதற்கு அந்தச் சூடு?

ஈரமும் சூடும் சேர்ந்தால் மண்ணின் மக்கு வேகமாகக் கரையும். தொழு உரம் போடாமல் ஷீட்டை மட்டும் நம்பினால் சில வருடங்களில் மண் இளைத்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கிழிசல்கள். மெல்லிய ஷீட் வெயிலில் நொறுங்கும், பொறுக்கி எடுக்கவே முடியாது. உழவில் புதைந்த துண்டுகள் வேரையும் நீரோட்டத்தையும் மறிக்கும். சீனாவின் சிஞ்சியாங் பருத்திக் காடுகளில் இப்படிச் சேர்ந்த குப்பையைக் கண்டபிறகுதான், 2017-இல் அந்நாட்டில் ஷீட்டின் குறைந்தபட்ச கனத்தை 8 மைக்ரானிலிருந்து 10 ஆக உயர்த்தினார்கள். அதுவே மெல்லிசுதான் என்பேன்.

சொட்டுநீர் போட்ட தக்காளி, மிளகாய்க்கு 25 அல்லது 30 மைக்ரான் ஷீட் வாங்கலாம். அறுவடை முடிந்ததும் முழுசாகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். மானாவாரி மக்காச்சோளத்துக்கு அந்தச் செலவு வேண்டாம். போன போகத்துத் தட்டையைக் கொளுத்தாமல் வரிசைகளுக்கு நடுவே பரப்பிவிடுங்கள். படைப்புழு தாக்கிய தட்டை என்றால் மட்டும் வயலில் விடாதீர்கள்.