தம் அடித்தால் தெம்பு வருமா?

1927ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற சைக்கிளில் இருந்தபடியே வீரர்கள் சிகரெட் பற்றவைத்துக்கொள்கிறார்கள். மலையேறும் முன் ஒரு தம் இழுத்தால் நுரையீரல் நன்றாகத் திறந்துகொள்ளும் என்று நம்பியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. அந்த நம்பிக்கையைச் சிகரெட் கம்பெனிகளும் தண்ணீர் ஊற்றி வளர்த்தன. இங்கிலாந்துக் கால்பந்து நட்சத்திரம் ஸ்டான்லி மேத்யூஸ் க்ரேவன் ஏ சிகரெட் விளம்பரத்தில் வந்தார். நிஜத்தில் அவர் புகைபிடிக்காதவர். 1996இல் நம் பக்கத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்குப் பெயரே, சிகரெட் பெயரைத் தாங்கிய வில்ஸ் உலகக் கோப்பைதான்.

கம்பெனிப் பெயர்கள் மைதானத்தைவிட்டுப் போய்விட்டன. அவை விதைத்த நம்பிக்கைகள் ஜிம்மிலும் கிரவுண்டிலும் சௌக்கியமாக இருக்கின்றன.

“பெரிய பெரிய பிளேயர்களே பிடித்தார்களே!”

பிடித்தார்கள், மறுப்பதற்கில்லை. ஷேன் வார்ன் பிடித்தார். அவர் நாலடி நடந்துவந்து பந்தைச் சுழற்றியவர். தொண்ணூறு நிமிடம் ஓடுகிற வேலை அவருக்கு இல்லை. ஓடுகிற ஆட்டத்தில் உதாரணம் வேண்டுமென்றால் ஹாலந்தின் யோஹான் க்ரைஃப். உலகத்தின் தலைசிறந்த கால்பந்து வீரர்களில் ஒருவர், இளம் வயதிலிருந்தே புகைத்தவர். 1991இல் பார்சிலோனா அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, 43 வயதில், அவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் மைதான ஓரத்தில் சிகரெட்டுக்குப் பதில் லாலிபாப்புடன் உட்கார்ந்திருந்தார். கோட்டு அணிந்துகொண்டு ஒரு சிகரெட் பாக்கெட்டைப் பந்துபோலக் காலால் தட்டித் தட்டி, கடைசியில் ஓங்கி உதைத்துத் தள்ளும் விழிப்புணர்வு விளம்பரத்திலும் நடித்தார். 2016இல் 68 வயதில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

இவர்கள் பிடித்ததால் நன்றாக ஆடினார்களா, பிடித்தும் நன்றாக ஆடினார்களா? ஒரு மேதையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் அதைத்தான் செய்தார். இன்று நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள்வரை பயன்படுத்தும் பன்னிரண்டு நிமிட ஓட்டத் தேர்வை உருவாக்கியவர் அவர். இளம் விமானப்படை வீரர்களை ஓடவிட்டு 1968இல் அவர் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்கள் பின்தங்கினார்கள். சிகரெட் எண்ணிக்கை கூடக்கூட, ஓடிய தூரம் குறைந்தது. எல்லாரும் இளைஞர்கள், எல்லாரும் ஒரே மாதிரிப் பயிற்சி பெறுபவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். “வயதானால் பார்த்துக்கொள்ளலாம்” என்கிற சமாதானம் இங்கே செல்லாது.

காரணம் எளிது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தினம் ஒரு பாக்கெட் ஊதுபவரின் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு ஐந்து பங்கு, சில நேரம் அதற்கு மேலும், இப்படி முடங்கிக் கிடக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது. கபடியில் மூன்றாவது ரெய்டு போகும்போது தெரியும்.

“புகைதானே கெடுதல், உதட்டுக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது”

இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். ஸ்வீடன் நாட்டுத் தீயணைப்பு வீரர்களிடம் 1990களில் நடந்த ஆய்வில், ஸ்னஸ் எனும் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைப்பவர்களின் உடல்திறன், புகையிலையே தொடாதவர்களின் திறனைவிடக் குறைந்துவிடவில்லை. புகைப்பவர்களின் திறன்தான் குறைந்திருந்தது. மோனாக்சைடு இல்லையென்றால் மூச்சு அவ்வளவாக வாங்காது. சரி.

ஆனால் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே அந்தச் சின்னப் பையை ஒதுக்கியதும் என்ன நடக்கிறது? முதலில் சுருக்கென்று ஓர் எரிச்சல். புகையிலையோடு சேரும் சுண்ணாம்போ வேறு காரப்பொருளோ நிகோடினை விடுவிக்கிறது. வாயின் மெல்லிய தோல் வழியாக அது ரத்தத்தில் ஏறுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடத் தொடங்கும் முன்பே இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உடம்பு சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாலும் தோல் வழியாகத்தான். சித்திரை வெயிலில் டோர்னமென்ட் ஆடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

நம் கடைகளில் ஒளித்து விற்கப்படும் சரக்கு ஸ்வீடன் சரக்கும் அல்ல. இங்குள்ள மெல்லும் புகையிலையில் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்கள் அதிகம். 2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். புகைப்பவர்களைப் போல இரு மடங்கு. உதட்டுக்குள் ஒதுக்கும் ‘கூல் லிப்’ பள்ளிப் பிள்ளைகள்வரை வந்துவிட்டதைக் குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024இல் கவலை தெரிவித்தது.

“சுத்தமான நிகோடின் ஒரு டானிக்”

இது புதிய தலைமுறையின் நம்பிக்கை. கையில் ஆதாரமும் வைத்திருப்பார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. நிகோடின் பழக்கமே இல்லாத 12 ஆண்களுக்கு நிகோடின் பட்டை ஒட்டி, களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சராசரியாக 17 சதவீதம் அதிக நேரம் மிதித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் களைக்கும்வரை மிதிப்பது என்று எந்தப் போட்டியும் கிடையாது. குறித்த தூரத்தை யார் சீக்கிரம் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. அதே ஆய்வாளர் டோபி முண்டலும் அவர் குழுவும் பின்னர், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை வைத்து ஒரு மணி நேரப் போட்டி ஓட்டமாகச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: நிகோடினால் எந்த முன்னேற்றமும் இல்லை. முதல் ஆய்வைக் காட்டுபவர்கள் இரண்டாவதைக் காட்டுவதில்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012இல் நிகோடினைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. தடைப் பட்டியலில் அல்ல. ‘பவர் இருப்பதால்தானே கண்காணிக்கிறார்கள்’ என்று வாதிடுவோர் உண்டு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவதற்கான பட்டியல் அது, பலனுக்கான சான்றிதழ் அல்ல.

“ஃபோகஸ் கிடைக்குதே?” என்பார்கள். பழகியவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, நிகோடின் இறங்கியதால் வந்த எரிச்சலும் கவனச்சிதறலும் நீங்குவதுதான். ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆட்டம் நீண்டால், கடைசிக் கட்டத்தில் கை மறுபடி பாக்கெட்டைத் தேடும். உடம்பு இளைக்கும் என்பதும் பெரும்பாலும் பசி மந்தமாவதால் வருவதுதான். புகைப்பவர்களின் தசை புதுப்புரதம் கட்டுவதே மந்தமாகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. ஜிம்முக்குப் பணம் கட்டுவதே அந்தப் புரதத்துக்காகத்தானே?

நிகோடின் சூயிங்கமும் பட்டையும் புகையிலையை விட முயல்பவர்களுக்கான மருந்து. பழக்கமே இல்லாதவர் மேட்ச்சுக்கு முன் மென்றால் பெரும்பாலும் மிஞ்சுவது குமட்டலும் விக்கலும்தான். புகைப்பவர் நிறுத்திய ஒரு நாளுக்குள்ளேயே மோனாக்சைடு ரத்தத்திலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். அடுத்த போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை தொடங்கினாலும் பலன் உண்டு. தனியாக முடியவில்லையா? 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழையுங்கள்.