பாகற்காயும் சிறுநீரகமும்: கசப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

விடிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற பூங்காக்களின் வாசலில் அருகம்புல், வாழைத்தண்டுச் சாறுகளோடு பாகற்காய்ச் சாறும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதைத் தேடி வருகிறவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதன்மைக் காரணமே சர்க்கரை நோய்தான். ஆகவே கிரியாட்டினின் ஏறியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் சில அறிவுரைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: "கசப்பு ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், கிரியாட்டினின் தானா இறங்கிடும்."

உண்மை: கிரியாட்டினின் தசைகளில் உண்டாகும் கழிவு. அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. பழுதான சிறுநீரகத்தைப் பாகற்காய் சரிசெய்யும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. கசப்பதெல்லாம் மருந்தும் அல்ல. சுரைக்காய்ச் சாறு கசந்தால் அது நச்சு. ரத்த வாந்தி வரை கொண்டுபோய் விடும்.

நம்பிக்கை 2: "சர்க்கரை அடங்கினா கிட்னி தப்பிக்கும். அதுக்குப் பாகற்காய் போதும்."

உண்மை: முதல் வாக்கியம் சரி, இரண்டாவது சரியில்லை. பாகற்காயில் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பொருள்கள் உண்டு. ஆனால் 479 பேர் பங்கேற்ற 4 ஆய்வுகளை 2012-இல் அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, அதைச் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பினால் சர்க்கரை ஏறும். இருக்கிற சிறுநீரகமும் கெடும்.

நம்பிக்கை 3: "பாகற்காய் மருந்தை முறிச்சிடும்."

உண்மை: அகத்திக்கீரையையும் பாகற்காயையும் பத்தியத்தில் விலக்குவது பழைய வழக்கம். சர்க்கரை மருந்து எடுப்பவருக்கோ ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரலாம்: முறிப்பதற்குப் பதில், பாகற்காய் அந்த மருந்தோடு சேர்ந்துகொண்டு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். உடலில் உள்ள இன்சுலினில் ஒரு பங்கை அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் இன்சுலின் நெடுநேரம் தங்கும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வீரியமும் நீளும். இதற்கு மேல் வெறும் வயிற்றில் சாறும் சேர்ந்தால் வியர்வை, கைநடுக்கம், குழறல், மயக்கம் என்று தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் தலைகாட்டலாம்.

நம்பிக்கை 4: "பொட்டாசியம்னா வாழைப்பழம், இளநீர்தான். காய்க்குப் பயமில்லை."

உண்மை: 100 கிராம் பாகற்காயில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, பாகல் இலையில் 600. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். மூன்று காயைப் பிழிந்தால் அதில் பெரும்பங்கு டம்ளருக்குள் வந்துவிடும். பொரியலாக அத்தனை காயை ஒரே வேளையில் யாரும் தின்பதில்லை. பொட்டாசியம் மிகையாக ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். டயாலிசிஸ் செய்பவர் அந்தச் சாற்றை அன்றைய தண்ணீர்க் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை 5: "உப்புல பிசறிப் பிழிஞ்சா தோஷமெல்லாம் போயிடும்."

உண்மை: கசப்பு குறையும், உப்பு ஏறும். சிறுநீரக நோயாளிக்கு நாளுக்கு 5 கிராம் உப்பே உச்சவரம்பு. மோரும் உப்பும் ஊறிக் காய்ந்த பாகற்காய் வற்றல் இன்னும் மோசம். பிட்லையிலும் குழம்பிலும் விழும் புளி தன் பங்குக்குப் பொட்டாசியத்தைக் கொண்டுவரும். இந்துப்பும் சோடியம்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது. பொட்டாசியத்தைக் குறைக்க வழி வேறு: மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிப்பது.

அப்படியானால் பாகற்காயை அடியோடு ஒதுக்க வேண்டுமா? வேண்டாம். நோய் தொடக்கநிலையில் இருந்து, ரத்தத்தில் பொட்டாசியமும் சரியாக இருந்தால், மற்றக் காய்களைப் போல அளவாகப் பொரியல் செய்து சாப்பிடலாம். பொட்டாசியம் ஏறியவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாறு, பொடி, மாத்திரை மூன்றும் சிறுநீரக நோயாளிக்கு வேண்டாதவை. ஏற்கெனவே குடித்துவருபவர் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.